மணலில் எழுதிப் படித்த மறைபோதகர்

தமிழுக்குத் தொண்டு செய்த மேலைநாட்டார் என்றவுடன் வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பு ஆகிய மூவர் பெயரும் கவிஞர் நாவில் முந்தி வந்து நிற்கும். அம்மூவருக்கும் முன்னரே தமிழகக் கரையில் இறங்கி, முப்பத்தாறு வயதிற்குள் மறைந்துபோன ஒருவரின் பெயர் அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் புலவராகப் பிறந்தவரல்லர், காப்பியம் பாடியவருமல்லர். கிறித்தவ மறையைப் பரப்ப வந்த எளிய போதகர். ஆயினும் அவர்தம் வாழ்வில் இறைவேண்டலும் தமிழ்க் கல்வியும் ஒரே நாளின் இருவேறு நாழிகைகளாய் அடுத்தடுத்து நின்றன. ஒன்று மற்றொன்றை வளர்த்தது. சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதவும் செய்தது. அந்த மோதலே அவர் வரலாற்றின் உயிர்நிலை.

இளமை

செருமனி நாட்டின் சாக்சனிப் பகுதியில் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். அன்னையார் அவருடைய இளமையிலேயே நோயுற்று இறந்தார். இறக்குந் தறுவாயில் அவ்வம்மையார் தம் பிள்ளைகளை அழைத்து, அவர்களுக்கென ஒரு பெரும் புதையலைச் சேர்த்து வைத்திருப்பதாகவும், அதனைத் திருமறையில் தேடவேண்டும் என்றும், அந்நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் கூறினார் என்பர். பின்னர்த் தந்தையாரும் மறைந்தார். பெற்றோரை இழந்த அம்மகன் உடல்நலம் குன்றியவராகவே வளர்ந்தார். வயிற்று நோய் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தே செருமனியில், சமயம் என்பது கோயிற் சடங்கோடு நின்றுவிடாமல் அன்றாட வாழ்வில் விளங்கவேண்டும் எனக் கருதிய ஓர் இயக்கம் எழுந்திருந்தது. தனிவேண்டல், திருமறை வாசிப்பு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, ஆதரவற்றோர்க்கு இல்லம் ஆகியவை அவ்வியக்கத்தின் அடையாளங்கள். ஆலே நகரில் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய ஆகஸ்ட் எர்மான் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் சீகன்பால்கு பயின்றார்.

தென்மார்க்கு நாட்டார் 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னரிடம் உடன்படிக்கை செய்து, சோழ நாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடியைப் பெற்றிருந்தனர். அங்கே டேன்சுபர்க்குக் கோட்டையைக் கட்டி வணிகம் நடத்தி வந்தனர். தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு, அவ்வூரில் மறைப்பணி செய்ய ஆள் தேடியபோது, செருமனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் என்ரிக்கு புளுட்சோ. இருவரும் 1705ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கோப்பன்கேகனிலிருந்து கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

கரையில் வரவேற்பு இல்லை

மன்னர் அனுப்பியவர்கள் என்பதால் மாலை மரியாதை கிடைத்திருக்கும் என எண்ணுதல் வேண்டா. வணிகக் கும்பெனியாருக்கு மறைபோதகர் வருகை உவப்பாக இல்லை. உள்நாட்டு மக்களின் சமயத்தில் கைவைத்தால் வணிகம் கெடும் என்பது அவர்கள் அச்சம். கோட்டைத் தலைவர் ஆசியசு, வந்தவர்களை வெயிலிற் காக்க வைத்தார். மன்னரின் ஆணையைக் கண்ட பின்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை. இருவரும் கடைத்தெருவில் திக்கற்று நின்றனர். பேசுவதற்கு மொழியும் இல்லை.

கடற்கரைப் பட்டினங்களில் அந்நாளில் பேச்சு வழக்கிலிருந்த போர்த்துக்கேய மொழியை இருவரும் முதலில் கற்றனர். புளுட்சோ அதனோடு நின்றார். சீகன்பால்கோ, தமிழ் அறியாமல் தமிழரிடம் இறைவனைப் பற்றிப் பேசுவது இயலாது எனத் துணிந்தார். இலக்கண நூலோ அகராதியோ கையில் இல்லை. எனவே முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாமும் தரையிலமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்தெழுதிப் பழகினார். பிள்ளைகள் உரக்கச் சொல்ல, அவரும் உரக்கச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் எபிரேயமும் பயின்ற இளைஞர், அகரத்தைக் குழந்தைகளிடமிருந்து பெற்றுக்கொண்டார்.

எழுத்தறிந்த பின் பொருள் அறிவதற்கு எல்லப்பர் என்பவர் துணையானார். அவர் கும்பெனியில் மொழிபெயர்ப்பாளராயிருந்தவர். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். எட்டுத் திங்களுக்குள் சீகன்பால்கு தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் கற்றார்.

ஒரு நாளின் ஒழுங்கு

சீகன்பால்கு தம் அன்றாட ஒழுங்கினைத் தாமே எழுதி வைத்துள்ளார். அவரது நம்பிக்கை எத்தகையது என்பதை அறிய அவருடைய அறிவுரைகளைக் காட்டிலும் இவ்வொழுங்கே சிறந்த சான்று.

பொழுது புலரும்போது இறைவேண்டல். அதனையடுத்து ஞானோபதேச விளக்கம். பின்னர் அதுவரை கற்ற தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தல். எட்டு மணி முதல் நண்பகல் வரை, முன்பு படித்திராத தமிழ்ச் சுவடிகளை மட்டுமே படித்தல். அவ்வேளையில் முதிய தமிழ்க் கவிஞர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். கவிஞர் கதைப்பொருளையும் அரிய செய்யுள் வழக்குகளையும் விளக்குவார். எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். உணவுக்குப் பின் மாணாக்கர்க்கு உபதேசம். பிற்பகலில் மீண்டும் சுவடி. மாலையில் வேண்டல். இரவில் விளக்கொளியில், கண் களைத்துப் போனமையால், பிறர் படிக்கத் தாம் கேட்டல்.

இவ்வாறு தொகுத்த சொற்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டன. செய்யுள் வழக்குச் சொற்களுக்கெனத் தனி அகராதி ஒன்றும் உருவாயிற்று. அவர் பெயரால் அறியப்படும் பணிகள் எல்லாவற்றின் அடியிலும், நாள்தோறும் நான்கு மணி நேரம் அவருடன் அமர்ந்து பாட்டுக்குப் பொருள் சொன்ன அந்த முதிய கவிஞரின் குரல் இருக்கின்றது.

சுவடிகளைத் தேடிய கதையும் சுவையானது. தம் எழுத்தர்களைப் பல நாட் பயணத் தொலைவுக்கு உள்நாட்டில் அனுப்பி, மறைந்த அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கச் செய்தார். 1708ஆம் ஆண்டில் தம்மிடமிருந்த நூல்களுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். அதில் இந்து, சமண நூல்கள் மட்டும் 119. தொல்காப்பியம் உண்டு, திருக்குறள் உண்டு, சிவவாக்கியம் உண்டு. வெறும் பெயர்ப் பட்டியலாக அமையாது, ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது, தமிழரிடையே அதற்குள்ள மதிப்பு யாது என்னும் குறிப்புகளும் அதில் இடம்பெற்றன. அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமன் மொழியில் பெயர்த்தார்.

வந்த புதிதில் தமிழரை ஒழுங்கான மொழியும் கல்வியும் இல்லாத மக்கள் எனத் தாமும் எண்ணியிருந்ததை அவர் மறைக்கவில்லை. நூல்களைப் படித்த பின் அவ்வெண்ணம் உடைந்தது. ஐரோப்பிய அறிஞர் கற்பிக்கும் துறைகள் தமிழரிடமும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன என்றும், தமிழரின் நீதி நூல்கள் கூறும் ஒழுக்கம் கிறித்தவர் பலரை நாணச் செய்யும் என்றும் தம் நாட்டாருக்கு எழுதினார்.

எளியோரிடையே

சுவடி படித்துக் கொண்டிருந்தமையால் அவர் மக்களை மறந்தாரில்லை. தென்மார்க்கரின் வீடுகளில் அடிமைகளாயிருந்தோரை நாளுக்கு இரண்டு மணி நேரம் தம்மிடம் அனுப்புமாறு வேண்டி, அவர்களுக்குக் கற்பித்தார். 1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், அத்தகைய அடிமைகள் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். தரங்கம்பாடித் திருச்சபையின் முதல் உறுப்பினர் அவ்வைவரே. போதகர் இருவரும் தம் ஊதியத்திலிருந்து பணம் ஒதுக்கி ஒரு சிறு கோயிலைக் கட்டி, புதிய எருசலேம் எனப் பெயரிட்டனர். 1707 ஆகஸ்ட் 14இல் அது திறக்கப்பட்டபோது தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் அருளுரைகள் நிகழ்ந்தன. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அறப்பள்ளிகள் எழுந்தன.

கோட்டைத் தலைவரின் பகையோ வளர்ந்துகொண்டே வந்தது. தமிழ் நாவிதர் ஒருவரின் கைம்பெண், தம் கணவர் தொடர்பான கடன் வழக்கில் நீதி கிட்டாமல் தவித்தார். எதிர்த்தரப்பினர் கும்பெனியின் மொழிபெயர்ப்பாளர். சீகன்பால்கு அவ்வேழைப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். இதனையும் பிற பூசல்களையும் காரணமாகக் கொண்டு, 1708ஆம் ஆண்டு நவம்பரில் அவரைச் சிறைப்பிடித்து டேன்சுபர்க்குக் கோட்டையில் அடைத்தனர். நான்கு திங்களுக்கு மேல் அங்கே இருந்தார். எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்ட நாட்கள் உண்டு. சிறைக்குச் செல்வதற்கு ஒரு திங்களுக்கு முன்புதான், அக்டோபர் 17ஆம் நாள், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1709 மார்ச்சில் விடுதலையான பின் அப்பணியைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார்.

அச்சும் ஈயமும்

பெயர்த்ததை மக்களிடம் கொண்டு சேர்க்க அச்சு வேண்டும். தமிழ் அதற்கு முன்பே அச்சேறிய மொழி; 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்திருந்தது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் அச்சு ஓய்ந்து கிடந்தது. இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் ஓர் அச்சுப்பொறியை அனுப்பினர். அதனை ஏற்றி வந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கியது. உடன் வந்த அச்சாளர் கடலிலேயே இறந்தார். மீட்கப்பட்ட பொறி 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது. கோட்டைப் படையில் அச்சுத் தொழில் அறிந்த வீரர் ஒருவர் கிடைக்க, முதலில் போர்த்துக்கேய நூல்கள் அச்சாயின. தமிழ் எழுத்துகள் ஆலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன.

அவ்வெழுத்துகள் உருவிற் பெரியன, காகிதமோ அரிது. ஆகவே பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்துகளை உருவாக்கினர். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகடுகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என்பர். அவ்வூரிலேயே காகித ஆலையும் தோன்றியது. 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் நிறைவுற்றது. இந்திய மொழி எதிலும் புதிய ஏற்பாடு அச்சேறியது அதுவே முதன்முறை.

அம்மொழிபெயர்ப்பின் தமிழ் பேச்சு வழக்கோடு ஒட்டியது, செம்மை குறைந்தது. தமிழில் பெரும் புலமை எய்திய வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரின் தமிழைப் பின்னாளில் கடுமையாக எள்ளினார். புலவர் நோக்கில் அவ்வெள்ளல் பொருத்தமற்றதன்று. ஆனால் சீகன்பால்கின் நோக்கம் வேறு. அடிமைகளும் அறப்பள்ளிப் பிள்ளைகளும் படித்துப் புரிந்துகொள்ளும் உரைநடையே அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரே ஆண்டில் இரு நூல்கள்

1713ஆம் ஆண்டு அவர் வாழ்வில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டில் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து வெளிவந்த தொடக்க நூல்களுள் ஒன்று, அக்கியானம் என்னும் சிறு வெளியீடு. தமிழரின் வழிபாட்டை அறியாமை எனக் கண்டித்து, அதனை விட்டு விலகுமாறு அழைப்பது அது. அதே ஆண்டில் அதே கை மற்றொரு நூலையும் எழுதி முடித்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றையும், அவற்றின் கோயில்களையும், விழாக்களையும், நூல்களையும் செருமன் மொழியில் விரித்துரைக்கும் பெருநூல் அது. சிவன், திருமால் தொடங்கிக் கிராமத்து அம்மன், ஐயனார் வரை அதில் இடம்பெற்றனர். தமிழர் எழுதிய மடல்களிலிருந்து அவர்தம் விளக்கங்களையே ஆங்காங்கே எடுத்துக் காட்டியிருந்தார்.

அம்மடல்களும் குறிப்பிடத்தக்கன. சீகன்பால்கும் அவருக்குத் துணையாய் வந்த கிருண்ட்லரும் தமிழறிஞர்க்குக் கேள்விகள் எழுதியனுப்பி, 1712 முதல் 1714 வரை விடைகள் பெற்றனர். அவற்றுள் 99 மடல்கள் செருமன் மொழியில் ஆலேயில் அச்சாயின. தமிழர் ஏன் கிறித்தவத்தை ஏற்கத் தயங்குகின்றனர் என்னும் கேள்விக்கு, ஐரோப்பியரின் குடியும் ஒழுக்கக்கேடும் காரணம் என அவர்கள் கூசாமல் எழுதினர். அவ்விடையையும் சீகன்பால்கு மறைக்கவில்லை, பெயர்த்தே அனுப்பினார்.

தெய்வங்களைப் பற்றிய பெருநூலோ ஆலேயில் அச்சேறவில்லை. அறியாமையை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்பவேண்டியதில்லை என்பது பிராங்கேயின் கருத்து. ஆசிரியர் அக்கருத்தை உரைத்தபின், மாணாக்கரின் கைப்பிரதி பெட்டிக்குள் முடங்கிற்று.

இவ்விரு நூல்களில் எது உண்மையான சீகன்பால்கைக் காட்டுவது எனக் கேட்கலாம். இரண்டுமே அவர்தாம். தாம் பெற்ற நம்பிக்கையைப் பிறர்க்குத் தருதல் கடமை என்பதில் அவர் இறுதிவரை தளரவில்லை; தமிழரின் வழிபாடு தவறென்னும் தீர்ப்பையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தீர்ப்புக் கூறுமுன் முழுதும் கேட்டறிய வேண்டும் என்னும் நேர்மையை அவர் தம் சமயப் பயிற்சியிலிருந்தே பெற்றார். கேட்கத் தொடங்கியவர் மதிக்கலானார். மதிப்பும் மறுப்பும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே தங்கியமையால் உண்டான வேதனை, அவர் எழுத்து முழுவதிலும் கலந்துள்ளது.

இறுதி ஆண்டுகள்

1714ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணமானார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலிலும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு அலைகளின் மேலேயே தொடர்ந்தது. போர்க்களத்தில் பாசறையில் இருந்த தென்மார்க்கு மன்னரைக் கண்டார். மரியா தொரோத்தேயா சால்சுமன் என்னும் நங்கையை மணந்தார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலேயில் அச்சாயிற்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்சும் அவரை வரவேற்றார். அவ்வாண்டிலேயே துணைவியாருடன் தமிழகம் திரும்பினார்.

திரும்பியவர், தமிழரே தமிழர்க்குப் போதிக்க வேண்டும் எனக் கருதி உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியைத் தொடங்கினார். பழைய கோயில் போதாமையால் பெரியதொரு கோயிலுக்கு 1717 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11ஆம் நாள் திறந்து வைத்தார்.

அந்நாளில்தான் பேரிடி விழுந்தது. கோப்பன்கேகனிலிருந்த மறைப்பணிக் கழகத்தின் செயலாளர் வெண்ட் என்பாரின் கடிதம் வந்தது. போதகர் ஏதுமற்றவராய் ஊர் ஊராய் நடந்து போதித்தல் வேண்டும்; கட்டடங்களும் பள்ளிகளும் அச்சகமும் வேண்டாத செலவு என்பது அவர் கொள்கை. பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் வீண் எனப் பழிக்கும் அக்கடிதம், முன்னமே நோயுற்றிருந்த உடலையும் உள்ளத்தையும் நொறுக்கியது. கோட்டைத் தலைவரின் சிறை முடக்காத மனத்தைச் சொந்தக் கழகத்தின் சொல் முடக்கிற்று.

1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் காலை, நாற்காலியிற் சாய்ந்தபடி, தமக்கு விருப்பமான செருமன் ஞானப்பாட்டொன்றை அருகிலிருந்தோர் பாடக் கேட்டவாறே உயிர் நீத்தார். இறுதி வேளையில் கண்களைக் கையால் மறைத்து, முகத்தில் கதிரவன் ஒளி வீசுவதுபோல் இருக்கின்றது எனக் கூறினார் என்பது வரலாறு. தாம் கட்டிய கோயிலுள்ளேயே அடக்கம் பெற்றார். பழைய ஏற்பாட்டில் அவர் பெயர்த்தது ரூத்து ஆகமம் வரையே. எஞ்சியதைச் சூல்சு என்னும் போதகர் நிறைவு செய்தார். 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார்.

பெட்டிக்குள் கிடந்த நூல்களும் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. தெய்வங்களைப் பற்றிய நூல், எழுதி 154 ஆண்டுகள் கழித்து, 1867இல் சென்னையில் அச்சாயிற்று. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மொழிபெயர்ப்புகளை நெதர்லாந்து அறிஞர் காலண்டு 1930இல் பதிப்பித்தார். 119 நூல்களைக் குறித்த பட்டியல், விரிந்த ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் எந்தெந்தத் தமிழ் நூல்கள் படிக்கப்பட்டன, எவை மதிக்கப்பட்டன என்பதை அறிய விழைவோர் இன்று அப்பட்டியலையே நாடுகின்றனர்.